பெயரால் பிறந்த பிணி

மக்களை வருத்தும் பிணிகள் இருவகைப்படும். கிருமியாலும் உணவுக் கேட்டாலும் முதுமையாலும் உண்டாகி உடலை அழிப்பன ஒருவகை. உடலுக்கு யாதொரு தீங்கும் செய்யாது, பெயர் சூட்டப்பட்ட ஒரு காரணத்தாலேயே மனத்தை அரிப்பன மற்றொரு வகை. முதல் வகைக்கு வைத்தியர் வேண்டும். இரண்டாம் வகைக்கு வரலாறு வேண்டும். அப்பெயரை வைத்தவர் யார், எக்காலத்தில் வைத்தார், அதனால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று அறிந்துகொண்டால் அப்பிணியிற் பாதி தீர்ந்துபோகும். பெண்மக்களின் தொடையிலும் பிட்டத்திலும் தோல் குழிவிழுந்து, நாரத்தைப் பழத்தின் மேற்றோல் போல மேடுபள்ளமாகத் தோன்றுவதற்குச் ‘செல்லுலைட்’ என்று இக்காலத்தார் வழங்கும் பெயர் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் வரலாற்றை நம் சகோதரிகளின் பொருட்டு எழுதப் புகுகின்றோம்.

பெண்ணின் தொடையைப் பற்றி ஓர் இலக்கியப் பகுதியில் எழுதுவது முறையோ என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்றே. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் அங்காடிகளிலும் மெலிவு நிலையங்களின் விளம்பரங்கள் யாரிடமும் அனுமதி கேட்டுத் தொங்கவில்லை. கைத்தொலைபேசியைத் திறந்தால் பதினாறு வயதுப் பெண்ணின் கண்முன்னும் அவையே வந்து நிற்கின்றன. வியாபாரி வெட்கமின்றிப் பேசும் ஒரு பொருளைப் பற்றி அறிவுடையோர் வெட்கப்பட்டு வாய்மூடியிருந்தால், அப்பெண்ணின் செவியில் விழும் சொல் வியாபாரியின் சொல் ஒன்றாகவே இருக்கும். ஆதலின் பேசுவதே கடமை.

முதலில், இப்பெயர் தோன்றுவதற்கு முன்னிருந்த நிலையைப் பார்ப்போம். பெண்ணின் தோலில் இக்குழிகள் புதியவை அல்ல. பிளெமிய ஓவியர் ரூபன்ஸ் என்பவர் 1577-இல் பிறந்து 1640-இல் இறந்தவர். அவர் தம் இறுதிக் காலத்தில் தீட்டிய ‘மூன்று அழகுத் தேவதைகள்’ என்னும் ஓவியம் மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையில் இன்றும் இருக்கின்றது. அதிலுள்ள மூன்று பெண்களின் தொடையிலும் முதுகிலும் மேடும் பள்ளமும் ஒளிவுமறைவின்றித் தீட்டப்பட்டுள்ளன. அவற்றைக் குற்றமென்று அவர் எண்ணியிருந்தால், தேவதையர் உடலில் வரைந்திருப்பாரா? நம் நாட்டிலும் அங்ஙனமே. வயிற்றின்மேல் விழும் மூன்று மடிப்புகளை அழகின் இலக்கணமாகவே நம் புலவரும் சிற்பிகளும் கொண்டனர்.

நம் மொழியைப் பாருங்கள். தளர்ந்து தொங்கும் சதைக்கு ‘ஊளைச்சதை’ என்றோம். முன்தள்ளிய வயிற்றுக்குத் ‘தொந்தி’ என்றோம். பொதுவாகப் பெருத்தலைப் ‘பருமன்’ என்றோம். தோலின்மேல் விழும் இச்சிறு குழிகளுக்கென்று மட்டும் வழிவழியாக வழங்கிவரும் பெயர் எதுவும் தமிழில் இல்லை. உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் பல பெயர் வைத்த மொழி இதற்கு ஒன்றும் வையாது விட்டதற்குக் காரணம், இதனைக் கவனித்து வருந்தத்தக்க பொருளாக எவரும் கருதாமையே எனலாம். அதுமட்டுமன்று. பஞ்சத்தையும் காய்ச்சலையும் கண்ட நம் ஊர்களில், ‘பெண் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்’ என்பது தாய்வீட்டார் கேட்டு மகிழும் நற்செய்தியாக இருந்தது.

இனிப் பெயர் பிறந்த கதையைக் கேண்மின். அது பிறந்த இடம் பிரான்சு தேசம். லித்ரே, ரொபேன் என்னும் இரு பேரறிஞர் வெளியிட்ட மருத்துவ அகராதியின் 1873-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செல்லுலைட்’ என்னும் சொல் காணப்படுகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் வேறு. தோலின் அடியிலுள்ள திசுக்கள் அழற்சியுற்று வீங்குதலை அச்சொல் குறித்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 1920-களில், அல்கியே, பாவியோ என்னும் பிரெஞ்சு வைத்தியர்கள் அழற்சியில்லாத, திசுக்களில் நீரும் நச்சுப்பொருள்களும் தேங்குவதால் உண்டாவதாகத் தாம் கருதிய ஒரு கோளாற்றைக் குறித்து எழுதினர். மருத்துவச் சொல் இவ்வாறு மெல்ல இடம் பெயரலாயிற்று.

வைத்தியர் மேசையிலிருந்த அச்சொல்லைப் பெண்களின் நிலைக்கண்ணாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தவை பத்திரிகைகள். 1930-களின் தொடக்கத்தில் பாரிசு நகரத்தில் ‘வோத்ர் போத்தே’ என்னும் அழகுப் பத்திரிகை புறப்பட்டது. ‘உங்கள் அழகு’ என்பது அப்பெயரின் பொருள். அதனைத் தொடங்கியவர் யூஜீன் ஷூலர் என்பவர். 1909-இல் லோரியால் என்னும் அழகுச் சாமான் கம்பெனியை நிறுவியவரும் அவரே! அப்பத்திரிகை செல்லுலைட்டைப் பற்றிப் பெண்களுக்கு எடுத்துரைத்த முதற் பத்திரிகைகளுள் ஒன்று. சாமான் விற்பவரே பத்திரிகையும் நடத்தினால், வாசகிக்குத் தன் உடலில் புதுப்புதுக் குறைகள் தெரியத் தொடங்குவதில் வியப்பு என்ன இருக்கின்றது?

அக்காலம் அதற்கு ஏற்ற காலமாகவும் இருந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்குப் பின் ஐரோப்பியப் பெண்களின் பாவாடை முழங்கால் அளவுக்கு உயர்ந்தது. 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டமாயிற்று. சாதாரணக் குடும்பங்களும் கடற்கரைக்குப் போயின. 1946-இல் லூயி ரெயார் என்பவர் இருதுண்டு நீச்சலுடையைப் பாரிசில் அரங்கேற்றினார். 1960-களில் இலண்டனில் குட்டைப் பாவாடை வந்தது. ஆடை ஏற ஏற, அதுவரை எவரும் காணாதிருந்த தொடை ஊரார் பார்வைக்கு வந்தது. பார்வைக்கு வந்ததெல்லாம் பரீட்சைக்கும் வந்தது.

பிரான்சில் வழங்கிய இச்சொல் கடல் கடந்து அமெரிக்கா சென்றது 1968-இல். அவ்வாண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் வெளிவந்த ‘வோக்’ பத்திரிகை, முன்பு எம்முயற்சிக்கும் கரையாத கொழுப்புக்கு ஒரு புதுப்பெயர் வந்துவிட்டதென்று தன் வாசகியர்க்கு அறிவித்தது. 1973-இல், நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரொன்சார் என்னும் அம்மையார் இதனைப் பற்றி எழுதிய நூல் ஏராளமாக விற்றது. அதன் பிறகு களிம்பு, தூரிகை, உருளை, மின்சாரக் கருவி, ஊசி என்று சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன.

பாரிசு நகரத்துச் சீமாட்டிகளுக்குத் தொடையின் குழியைப் பற்றிக் கவலை கற்பிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், கிள்ளானிலே நம் பாட்டிமாரின் உடலைப் பற்றி என்ன பேச்சு நடந்தது? அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நமக்கு உண்மை விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது கிள்ளானில் பேசப்பட்ட உடற்கேள்வி ஒன்றுதான்: ஆள் பிழைப்பாளா, மாட்டாளா? சதுப்பு நிலமும் கொசுவும் மலேரியாக் காய்ச்சலும் நிறைந்திருந்த அவ்வூருக்கு 1901-இல் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் மாவட்ட மருத்துவராக வந்து, சதுப்பை வெட்டி நீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார். எனினும் தோட்டங்களில் சாவு உடனே நின்றுவிடவில்லை. 1911-இல் கூட்டு மலாய் நாடுகளின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் அவ்வோராண்டிலேயே இறந்தனர். அந்நாளில் ஒரு பெண்ணின் தேகத்தில் சதைப்பற்று இருந்ததென்றால், அவள் காய்ச்சலுக்குத் தப்பினாள் என்று பொருள்.

பிழைத்தவள் உழைத்தாள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்று, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, வாளியும் கத்தியும் எடுத்து, முந்நூறு நானூறு பால்மரங்களைச் சீவி, பிறகு மரத்துக்கு மரம் நடந்து பால் எடுத்து, வாளியைத் தலையிலோ தோளிலோ சுமந்து நிறுவைக்குக் கொண்டு சேர்த்தாள். அவள் கால்கள் நடந்த தூரத்தை எவரும் அளந்ததில்லை. ஆனால் அவள் உடலுக்கு விலை மட்டும் திட்டமாக அளக்கப்பட்டது. 1928-ஆம் ஆண்டளவில் சிலாங்கூர்க் கடற்கரைப் பகுதித் தோட்டங்களுக்குக் குறிக்கப்பட்ட தினக்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி, அதே வெயில். பத்துக் காசு குறைவதற்குக் காரணம் அவள் பெண்ணாகப் பிறந்ததே.

1941 மார்ச்சு முதல் மே மாதம் வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது. கள்ளுக்கடையை மூடுதல் இருந்தது. துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை இருந்தது. அவற்றோடு, தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அரசாங்கம் நாதனைச் சிறைப்பிடித்து நாடுகடத்திற்று. படைகள் வந்தன, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு உயிரிழந்தனர். பெண்ணின் உடல் பிறர் கைப்பொருள் அன்று என்னும் கொள்கைக்காகவும் கிள்ளானில் இரத்தம் சிந்தியதென்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஈராண்டு கழித்து, 1943-இல், ஜான்சி ராணிப் படை திரட்டப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்திருந்த டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன். கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர், பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று இந்நாடு போற்றிய அம்மையார், பதினெட்டு வயதில் அதில் சேர்ந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள் பலர். சேலையிலேயே வளர்ந்த அவர்கள் காற்சட்டை அணிந்து, துப்பாக்கி ஏந்தி, அணிவகுத்து நடந்தனர். அப்படையின் அரசியலைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவர். அது நிற்க. நாம் இங்கே காட்ட விரும்புவது வேறொன்று. பல மைல் நடக்கும் கால், எடை தூக்கும் கை, இரவுக் காவல் நிற்கும் கண் என்று தம் உடலைத் தம் பார்வையாலேயே அளந்துகொள்ளும் வாய்ப்பு நம் பெண்களுக்கு அன்று கிடைத்தது. அக்கால்களில் குழி இருந்ததா இல்லையா என்று எவர் கேட்டார்?

இவ்வாறிருந்த நம்மிடையே பாரிசுக் கவலை எங்ஙனம் குடிபுகுந்தது? 1963 டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கிற்று. பின்னர், கிள்ளான் பள்ளத்தாக்கின் இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், எண்ணெய்ப்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் மறைந்தன. லயத்துப் பெண்ணின் மகள் தொழிற்சாலைக்குப் போனாள்; பேத்தி அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்தாள். கல்வியும் சொந்தச் சம்பளமும் வந்தன. இவை பெரும் பேறுகள். ஆனால் நடை குறைந்தது; சீனி மிகுந்தது; கையில் வந்த சொந்தக் காசைக் கவர விளம்பரமும் உடன்வந்தது. முன்பு கங்காணி அவள் உடலைப் பார்த்து விலை குறித்தான். இப்போது விளம்பரக்காரன் அவள் உடலைப் பார்த்துக் குறை குறிக்கின்றான்.

இனி, இக்குழிகள் உண்மையில் யாவை என்பதை விஞ்ஞானத்தின் வாயிலாக அறிவோம். 1978-இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் ஆண் பெண் இருபாலாரின் தோலையும் அறுத்து ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். செல்லுலைட் என்பது கற்பித்துக்கொள்ளப்பட்ட ஒரு நோய் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டனர். அவர்கள் கண்டது இது: தோலுக்கும் அடியிலுள்ள தசைக்கும் இடையே கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. அதனூடே நார்கள் ஓடித் தோலைக் கீழே கட்டிவைக்கின்றன. ஆணுக்கு அந்நார்கள் வலைக்கண் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெண்ணுக்கோ அவை பெரும்பாலும் மேலிருந்து கீழாக நேரே இறங்குகின்றன.

இலவம்பஞ்சு மெத்தை தைப்பவனைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சு நிரப்பியபின் மேலிருந்து கீழாகக் கயிறு கோத்து இழுத்து அங்கங்கே முடிச்சிடுவான். முடிச்சு விழுந்த இடம் பள்ளமாகும். இடையிலுள்ள பஞ்சு மேடாக எழும்பும். பெண்ணின் தொடையில் நடப்பதும் இதுவே. ஆதலினாலேதான் பூப்பெய்திய பெண்களில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்டோரிடம் இஃது ஓரளவேனும் காணப்படுகிறது. ஒல்லியானவரிடமும் உண்டு, ஓட்டப்பந்தய வீராங்கனையிடமும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு, தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வந்த உடலமைப்பு, வயதேறத் தோல் மெலிதல், உடல் எடை ஆகியவை இதனைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. பெண்களுள் மிகப் பெரும்பாலோரிடம் இயல்பாக உள்ள ஒன்றை நோயென்று சொன்னால், பெண்ணாயிருப்பதையே நோயென்று சொன்னதாகும்.

‘ஆயினும் இதனைக் குறைத்துக்கொள்ள விரும்புகின்றேன், அது குற்றமா?’ என்று ஒரு சகோதரி கேட்கலாம். குற்றமே அன்று. தன் உடலைத் தான் விரும்பியவாறு பேணுவது அவள் உரிமை. அவள் ஏமாறலாகாது என்பதே நம் கவலை. ஆகவே ஒவ்வொரு வழியும் எவ்வளவு பயன் தரும் என்பதைக் கூறிவிடுவோம்.

தசைக்கு வலுவூட்டும் உடற்பயிற்சி குழிகளைப் போக்காது. ஆனால் அடியிலுள்ள தசை திரண்டு தோல் சற்றுச் சமமாகத் தோன்றும். மிகை எடை உள்ளவர் மெல்ல மெல்ல எடையைக் குறைத்தால் பலருக்குக் குழிகள் மங்கும். பட்டினி கிடந்து விரைவாக மெலிந்தால் தோல் தொளதொளத்து அவை மிகுதியாகத் தெரிதலும் உண்டு. காப்பிச்சத்துச் சேர்ந்த களிம்பு தோலிலுள்ள நீரைச் சிறிது வற்றச்செய்து சில மணி நேரம் மினுக்கம் தரும். வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்த ரெட்டினால் களிம்பு தோலைச் சற்றுத் தடிக்கச் செய்யும்; பயன் தெரிய ஆறு மாதம் ஆகும்; தெரிந்தாலும் சொற்பமே. உருவிவிடுதலால் வரும் பயன் நாட்கணக்கில் மறையும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை இதற்கு ஏற்றதன்று. குழிகளை அது மிகுவிக்கவும் கூடும். அந்நார்களையே ஊசிமுனைக் கத்தியால் அறுத்துவிடும் முறைக்கு நல்ல சான்று உண்டு, பயன் மூன்று ஆண்டளவேனும் நிற்கும், செலவோ மிகுதி. நார்களைக் கரைக்கும் ‘குவோ’ என்னும் ஊசிமருந்துக்கு 2020 ஜூலையில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி தந்தது. கடும் கன்றலும் நீங்காத தோல்நிற மாற்றமும் குறித்த கவலையால் 2022 டிசம்பரில் அக்கம்பெனியே அதனைக் கைவிட்டது. எக்காலத்துக்கும் அடியோடு போக்கும் மருந்து இதுவரை எதுவும் இல்லை.

இல்லாத மருந்தை உண்டென்று விற்பவருக்கோ குறைவில்லை. 2014-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இரண்டு கம்பெனிகளைப் பிடித்தது. தொடையை மெலிவித்துச் செல்லுலைட்டைக் குறைக்கும் என்று வாதுமைக் களிம்பு விற்ற லோக்சித்தான் கம்பெனி 4 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்ட நேர்ந்தது. காப்பிச்சத்து ஊட்டிய உள்ளாடையை அணிந்தாலே செல்லுலைட் குறையும் என்று விளம்பரம் செய்த வாக்கோல் கம்பெனி 13 இலட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. உடையில் காப்பியைத் தடவி உடம்பை இளைக்கவைக்கலாம் என்று படித்த நாட்டாரையே நம்பவைக்க முடிந்ததென்றால், விளம்பரத்தின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுமோ?

அங்கே போனது காசு. இங்கே போவது சிலவேளை உயிர். 2020 அக்டோபரில், கோலாலம்பூர் அழகு நிலையம் ஒன்றில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்குச் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. சிகிச்சை செய்தவர் தகுதிபெற்ற மருத்துவர் அல்லர். இந்நாட்டில் இத்தகைய சிகிச்சை உரிமம் பெற்ற மருத்துவ நிலையத்தில், பதிவுபெற்ற மருத்துவராலேயே நடத்தப்பட வேண்டும் என்று சட்டம் இருக்கின்றது. மெலிவு மாத்திரை, மெலிவுக் காப்பி என்று விற்கப்படுவனவற்றில் சிபுட்ராமின் என்னும் மருந்து கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிப்பதாகக் கண்டு 2010-இல் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. ஆகவே எம்மருந்தையும் வாங்குமுன் பெட்டியின்மேல் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவெண் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், விற்பவர் உறவினரே ஆயினும் வாங்காதீர்கள்.

பெயரால் விளைந்த மயக்கம் இன்னொன்று உண்டு. அதில் அசட்டை காட்டினால் காலே போய்விடும். ‘செல்லுலைட்’ வேறு; ‘செல்லுலைட்டிஸ்’ வேறு. பின்னது கிருமியால் வரும் உண்மையான நோய். பழைய பிரெஞ்சு அகராதி குறித்த அழற்சி இந்த இனத்தைச் சேர்ந்ததே. கால் சிவந்து, சுட்டு, வீங்கி, வலித்து, காய்ச்சலும் கண்டால் அது செல்லுலைட்டிஸாக இருக்கலாம். அதற்குக் களிம்பும் கைவைத்தியமும் உதவா. அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு ஒரு நாள் தாமதமும் கேடு. மேலும், இரு கால்களும் ஒன்றுபோலப் பருத்து, தொட்டால் வலித்து, எளிதில் கன்றிப்போகுமாயின் அது லிப்பிடீமா என்னும் வேறு நிலையாக இருக்கலாம். 1940-இல் அமெரிக்க வைத்தியர் இருவர் முதன்முதல் விவரித்த அந்நிலையை வெறும் பருமனென்று எண்ணிப் பெண்கள் பல்லாண்டு வீணே பழிகேட்டு வருந்துகின்றனர்.

நீரிழிவு என்று சொன்னோம். நம் சமூகத்தின் மெய்யான பிணி இங்கேதான் இருக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! இந்நோயை வளர்க்கும் கொழுப்பு தொடைக் கொழுப்பு அன்று. வயிற்றுக்குள்ளே ஈரலையும் குடலையும் சூழ்ந்து கிடக்கும் கொழுப்பு. தொடையிலும் இடுப்பிலும் தங்கும் கொழுப்பு ஒப்புநோக்க ஊறு குறைந்தது என்றே மருத்துவர் கூறுகின்றனர். நம் பெண்ணோ, தீங்கற்ற தொடையைக் கண்ணாடியில் பார்த்துக் கண்ணீர் விடுகின்றாள். தீங்குள்ள வயிற்றைச் சேலைக் கொசுவத்தால் மூடிவிட்டு மறந்துபோகின்றாள். ஆசிய நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செண்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 31½ அங்குலம், தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். இதனை அளக்கத் தையற்காரரின் நாடா ஒன்று போதும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிக் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். இரத்தச் சீனியைப் பரிசோதிக்கவும் கேட்கலாம். மெலிவு நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுமுன் இந்த 1 வெள்ளியைச் செலவிடுவது அறிவுடைமை அல்லவா?

வெட்கம் செய்யும் கேடு மற்றொன்று. தொடை தெரியுமே என்று அஞ்சிப் பள்ளி மாணவி நீச்சலை விடுகின்றாள், விளையாட்டுக்கு நின்றுகொள்கின்றாள். பிள்ளை பெற்றவள் ஓடுவதற்கு நாணி வீட்டிலேயே அடைந்துகிடக்கின்றாள். எது உடலுக்கு நன்மை செய்யுமோ அதையே இவ்வெட்கம் தடுத்துவிடுகின்றது. வாரத்துக்கு 150 நிமிடம் விரைநடை முதலிய பயிற்சியும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்குச் சீமை உடையும் கருவிக்கூடமும் வேண்டுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு 1888-இல் அமைந்த ஏரித் தோட்டம் அருகிலேயே இருக்கின்றது. மற்றவர்க்கு வீட்டுவரிசையைச் சுற்றிய சாலை இருக்கின்றது. கெட்டிப்பால் இட்ட தே தாரிக்கை ஒருவேளையாகக் குறைத்து, தட்டில் சோற்றைச் சுருக்கிக் கீரையையும் பயற்றையும் பெருக்கினால், தொடை எவ்வாறிருப்பினும் இரத்தம் நன்றாயிருக்கும்.

இதில் ஆண்மக்களுக்கும் கடமை உண்டு. மனைவியின் உடலைச் சினிமா நடிகையின் உடலோடு ஒப்பிட்டு நகைக்கும் கணவன், அவளை மெலிவு மாத்திரைக்காரனிடம் கைப்பிடித்து அழைத்துச் செல்பவனே ஆவான். பெண்பார்க்கச் செல்லுமிடத்தில் ‘பெண் சற்றுப் பருமன்’ என்று மூக்கைச் சுளிக்கும் மாமியார்மாரும் அவ்வேலையையே செய்கின்றனர். தாய்மார் தம் பெண்களுக்கு இதனை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்: இஃது எனக்கும் உண்டு, உன் பாட்டிக்கும் இருந்திருக்கும், இதனால் எவளும் செத்ததில்லை, இதனைப் போக்குவதாக விற்கப்பட்ட சாமானால் செத்தவர் உண்டு.

நாளொன்றுக்கு 40 காசுக்காக விடியுமுன் எழுந்து நடந்த கால்களின் வழிவந்தவை இக்கால்கள். குடும்பங்களைத் தாங்கியவை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுசேர்த்தவை. அவற்றை எவ்வாறு பேணுவது, எவ்வளவு உழைக்கவைப்பது, எப்போது ஓய்வளிப்பது என்பதை அவற்றுக்கு உரியவளே தீர்மானிக்கட்டும். அவற்றுக்குப் பெயர் வைக்கும் உரிமையை விளம்பரக்காரனுக்குக் கொடுக்க வேண்டுவதில்லை. இக்கட்டுரையை வாசித்து முடித்த சகோதரி ஒருத்தி இன்று மாலை கண்ணாடியை விட்டு விலகி, நாடாவை எடுத்துத் தன் இடுப்பை அளந்து பார்த்து, நாளைக் காலை கிளினிக்குக்குப் போவாளாயின், இதனை எழுதியதன் பயன் கைகூடிற்று என்று மகிழ்வோம்.